கட்டிலில் மாட்டிய சிவப்புச் சீட்டு

என் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே கிடக்கும். எண்ணிக்கொண்டே பார்த்திருப்பேன், இருபதோ முப்பதோ எண்ணிய பிறகுதான் மெல்ல மேடாகும். நேற்று இருபத்தைந்து, இன்றைக்கு எவ்வளவு என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அழுத்திப் பார்த்தேன். எனக்கு எதிலும் கெட்டதுதான் முதலில் தோன்றும். பிள்ளை தும்மினாலும் அப்படித்தான். அதனால் வீட்டில் யாரும் என் பயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தத் தடவை பயப்பட நிஜமாகவே காரணம் இருந்தது. நானோ அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயந்தேன். அந்தப் பயத்தில் இன்னொருத்தியையும் இழுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் மலாக்காவில், சுங்கை ரம்பாய்ப் பக்கம். ரப்பர் விலை விழுந்தபோது ஊருக்குக் கப்பலேறியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. நான் பால் வெட்டுகிறவள். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. மரத்தடியில் குந்திக் குந்தி எழுந்தேன். கங்காணி பார்த்துவிட்டார்.

"என்ன அஞ்சல, மரத்துக்கு மரம் உக்காந்து கும்புடுற? அதுல எந்தச் சாமி இருக்குன்னு எங்களுக்கும் சொல்லேன்."

பக்கத்து நிரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கவும் மூச்சு வேண்டியிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பு மேட்டு மண்ணைப் பெயர்த்துத் தின்றுகொண்டிருந்தேன். அந்த மண்வாசனை வந்தால் வாய் ஊறும், கை தானாகப் போகும். என் மகள் வள்ளிக்கு அப்போது நாலு வயது. ஒரு நாள் பின்னால் வந்து நின்று, "எனக்கும்மா?" என்று கை நீட்டினாள். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரி டிரெசர் தோட்டத்துக்கு வருவார். பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். வாரத்தில் ஒரு நாள்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார். மற்ற நாட்களில் மருந்து கொடுப்பதிலிருந்து புண் கட்டுவது வரை டிரெசர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், தலை நரைத்தவர். விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்திக் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டே போனார். உள்ளே சிவப்பாக இருந்தால் ரத்தம் இருக்கிறது என்று அர்த்தமாம். என் இமையை இழுத்தவர் அடுத்த ஆளிடம் போகவில்லை.

"வெள்ளைத் துணி மாதிரிக் கிடக்கு. மண் தின்னுறனியோ?"

"இல்லீங்கய்யா."

"ஆஸ்பத்திரிக்கு வரவேணும். ஒரு மாசம் பிடிக்கும். விளங்கினதோ?"

"சரிங்கய்யா."

இந்த 'சரிங்கய்யா'வைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரட்டில் துரை சொன்னாலும் கங்காணி சொன்னாலும் நாங்கள் சொல்கிற பதில் அது ஒன்றுதான். கேட்டுவிட்டேன், விட்டால் போகிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. புரியவில்லை என்று சொன்னவள் அந்தப் பெரட்டில் இதுவரை இல்லை. டிரெசர் ஐயாவோ அதைக் கேட்டதும் புத்தகத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

எங்கள் கம்பெனிக்கு ஏழெட்டுத் தோட்டம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆஸ்பத்திரி, பாயா ரும்புட் தாண்டி. எங்களுக்கு அது மலாக்காவின் அந்தக் கோடி. ரப்பர் ஷீட் ஏற்றிப்போகிற லாரியில் தெங்கேரா வரை போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். என் புருஷன் கூட வர முடியாது. வந்தால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடையாது. லாரிக்காரரிடம் மூன்று தடவை சொன்னார், பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று. லாரி நகர்ந்த பிறகு ஓடிவந்து தலைத்துண்டை அவிழ்த்து என் மடியில் போட்டார். நாத்தனார் ஒரு சின்ன டின்னில் நெய் வைத்துக் கொடுத்திருந்தாள். "அங்க வெறுங்கஞ்சிதான் ஊத்துவாங்களாம். தினம் ஒரு விரல் தொட்டுக்க அண்ணி, ரத்தம் ஊறும்" என்றாள். அவள் வீட்டில் நெய் உருக்கி ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்.

பெண்கள் வார்டில் ஆறு கட்டில். ஒரு கோடியில் காய்ச்சல்காரத் தெலுங்குப் பெண் ஒருத்தி; அவள் பேசுவது எனக்குத் தெரியாது, நான் பேசுவது அவளுக்குத் தெரியாது. என் பக்கத்துக் கட்டிலில் காத்தாயி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தோட்டம்தான் அவளுக்கு, நடந்தே வந்துவிடலாம். போன அன்றைக்கே நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுததைப் பார்த்து,

"அழுறதுன்னா சத்தம் போடாம அழு, புள்ள. நான் ரெண்டு நாளா அழுது இப்பத்தான் முடிச்சிருக்கேன். திருப்பி ஆரம்பிக்கத் தெம்பு இல்ல" என்றாள்.

ஒரு மாதத்துக்கு எனக்குக் கிடைத்த சொந்தம் அவள்தான் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆயா ரெங்கம்மா ஆளுக்கொரு சின்ன டின் கொடுத்தாள். தெங்கேராவிலிருந்து வேலைக்கு வருகிறவள், டவுன்காரி. காலையில் வெளிக்குப் போனதில் கொஞ்சம் இதில் எடுத்துவர வேண்டும் என்றாள். எனக்குக் காது சுட்டது. காத்தாயி டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கங்காணி கேட்டதெல்லாம் குடுத்திருக்கேன். இத ஒருத்தனும் கேட்டதில்ல."

"குடு லா அக்கா. வேணுமின்னா கேக்குறோம்? டிரெசர் கண்ணாடி வச்சுப் பாப்பாரு" என்றாள் ரெங்கம்மா.

அந்தக் கண்ணாடியில் என்ன பார்க்கிறார்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கொக்கிப்புழு என்று ஒன்று. நூல் துண்டு மாதிரி, நகத்தின் நீளம்கூட இருக்காது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத் தோல் வழியாகவே உள்ளே போய்விடும். குடலில் வாயைப் பதித்துக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். அதன் முட்டை மலத்தில் வரும். ரத்தம் போகப்போக முகம் வெளுத்து, கால் வீங்கி, மண் தின்னத் தோன்றும். அப்போது இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. புதன்கிழமை பெரிய டாக்டர் வந்தார். என் கட்டிலருகே நின்று இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார், என் நெஞ்சைக் காட்டினார், காலைக் காட்டினார். டிரெசர் அவ்வளவையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நல்லா வருமாம். சொன்னபடி கேட்டு நடக்கட்டாம். விளங்கினதோ?" என்றார்.

"சரிங்கய்யா."

இத்தனை நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா, மீதியில் என்ன மறைக்கிறார்கள் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முதல் நாள் விரல் நுனி. அடுத்த நாள் காது மடல். மூன்றாம் நாள் முழங்கை மடிப்பில் ஊசி போட்டு ஒரு குழாய் நிறைய. ரத்தம் இல்லை என்று சொல்லித்தானே கூட்டி வந்தார்கள், இருப்பதையும் எடுக்கிறார்களே என்று இருந்தது.

அன்று மத்தியானம் ரெங்கம்மா காத்தாயியின் கட்டில் கால்மாட்டில் ஒரு சிவப்புச் சீட்டை மாட்டினாள். அதில் இங்கிலீஷ் எழுத்து. சாயங்காலம் கஞ்சி வாளி வந்தது. எனக்கு ஊற்றினாள். காத்தாயி நீட்டிய குவளையைத் தாண்டிப் போனாள்.

"எனக்கு?"

"ஒனக்கு இல்ல. சீட்டு போட்டிருக்கு பாரு."

டிரெசர் வந்தார். "நாளைக்குக் காலமை உனக்கு மருந்து. விளங்கினதோ?" என்றார். காத்தாயி சரிங்கய்யா என்றாள். அவர் போனதும் என்னைப் பார்த்தாள்.

"நீ படிச்சவளாச்சே. அதுல என்ன போட்டிருக்கு, பாத்துச் சொல்லு."

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவள்; அதை அவளிடம் சொல்லியிருந்தேன். தம்பி பிறந்தான், அவனைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்திவிட்டார்கள். தமிழ் எழுத்துக் கூட்டுவேன். இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். படித்தவள் என்று ஒருத்தி என்னை நம்பிக் கேட்டுவிட்டாளே, எப்படிச் சொல்வது. அதோடு, அந்தச் சீட்டின் அர்த்தம் எனக்குத் தெரியும் என்றே நான் நினைத்தேன்.

எங்கள் தோட்டத்தில் அந்த வருஷம் ஒட்டுக்கன்று நடுவதற்காகக் கிழட்டு மரங்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். கழிக்க வேண்டிய மரத்துக்குக் கணக்குப் பார்க்கும் கிராணி சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டு போவார். வட்டம் விழுந்த மரத்துக்கு அதோடு உரம் கிடையாது. சாகப்போகிற மரம்தானே என்று ஒரு பக்கம் வெட்டுகிற இடத்தில் மேலே, கீழே, நாலு பக்கமும் கோடு போட்டு உள்ளே இருக்கிற பாலையெல்லாம் வடித்துவிடச் சொல்வார்கள். நானே வெட்டியிருக்கிறேன். வடிந்து ஓய்ந்த பிறகு கோடாலி வரும்.

விரல், காது, முழங்கை. கஞ்சி இல்லை. சிவப்பு.

"கழிக்கிற மரத்துக்கு வட்டம் போடுவாங்கல்ல, அதுதாங்க்கா" என்றேன்.

காத்தாயி என்னையே பார்த்தாள். அவள் தோட்டத்திலும் மரம் கழித்தார்கள். குவளையைத் துணியில் சுற்றினாள்.

விடிந்தபோது அவள் கட்டில் காலி. சிவப்புச் சீட்டு மட்டும் தொங்கியது.

டிரெசர் கோபமாக வந்தார். "இந்த மாசத்தில இது மூண்டாவது ஆள். மருந்துக்குப் பயந்து ஓடுதுகள்."

"எவ்ளோ சொன்னாலும் இதுங்களுக்கு ஏறாது லா ஐயா" என்றாள் ரெங்கம்மா. இரண்டு பேரும் என் பக்கத்தில் நின்றுதான் பேசினார்கள். நான் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நாலு நாள். பேச ஆள் இல்லை. தெலுங்குப் பெண் சில சமயம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். தெங்கேரா பஸ் ரோட்டில் போகும் சத்தம் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கேட்கும். வள்ளி என்னைத் தேடி அழுகிறாளா, அழுகையை நிறுத்திவிட்டாளா, இரண்டில் எது மோசம் என்று யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன். புருஷனின் தலைத்துண்டில் ரப்பர் பால் வாடை இருந்தது. அதையும் அடிக்கடி முகர்ந்தால் தீர்ந்துவிடுமோ என்று பயந்து மடித்து வைத்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ரெங்கம்மா என் கட்டிலுக்குச் சீட்டோடு வந்தாள்.

எனக்கு ஓடத் தெம்பு இல்லை. ஓடினாலும் சுங்கை ரம்பாய் நடந்து போகிற தூரமா. டிரெசர் வந்து நாளைக்கு மருந்து, விளங்கினதோ என்றார். சரிங்கய்யா என்றேன். கஞ்சி வாளி என்னைத் தாண்டிப் போனது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பியதும் நாத்தனார் கொடுத்த நெய் டின்னைத் திறந்தேன். அதுவரை விரலால் தொட்டுத்தான் தின்றிருந்தேன். இனி யாருக்காக மிச்சம் வைப்பது என்று வழித்து வழித்து முழுவதையும் தின்றேன்.

காலையில் டிரெசர் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் மருந்தோடு வந்தார். வாடை மூக்கைக் குத்தியது. கையில் வாங்கிக்கொண்டேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. அன்றைக்குள் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப முடியுமா, முடியாதா.

"எப்பங்கய்யா வெட்டுவீங்க?"

"என்னத்தை?"

"என்னைத்தாங்க."

அவர் ரெங்கம்மாவைப் பார்த்தார். ரெங்கம்மா கையை விரித்தாள். "என்ன பிள்ளை சொல்லுறாய்? ஆர் உன்னை வெட்டுறது?"

சொன்னேன். வட்டம், உரம், நாலு பக்கக் கோடு எல்லாம். அழுதுகொண்டு சொன்னதால் பாதி விளங்கியிருக்காது; அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். பிறகு காலியாகக் கிடந்த காத்தாயியின் கட்டிலில் உட்கார்ந்தார். நோயாளிக் கட்டிலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அந்தச் சீட்டு உனக்கில்லை, பிள்ளை. சாப்பாடு குடுக்காதே எண்டு ஆயாவுக்கு வைக்கிற அடையாளம். இந்த மருந்து புழுவைக் கொல்லுறது. வெறும் வயிறா இருக்கவேணும். எண்ணெய், நெய் கொஞ்சம் உள்ளுக்குப் போனாலும் மருந்து அதில கரைஞ்சு ரத்தத்தில கலந்திடும். புழுவோட உன்னையும் கொன்றுபோடும்."

நெய் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மருந்துக் கிண்ணத்தை அவர் பக்கம் நீட்டினேன்.

"என்ன?"

தலையணைக்கு அடியிலிருந்து காலி டின்னை எடுத்துக் காட்டினேன்.

அவர் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. மருந்தைத் தானே கொண்டுபோய்ப் பூட்டி வைத்துவிட்டு வந்தார்.

"பதினொரு வருசமா இந்தச் சீட்டை மாட்டுறன். என்னண்டு நினைக்கிறியள் எண்டு ஒருத்தரையும் நான் கேக்கேல்லை" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. பிறகு, "மரத்துக்கு இண்டைக்கு வேண்டாம், நாளைக்குத்தான் எண்டால் என்ன அடையாளம் வைப்பியள்?" என்று கேட்டார்.

"மழை நாள்லங்களா? மங்கைக் கவுத்து வச்சிருவோங்க." மங்கு என்றால் மரத்தில் பால் வடிகிற கிண்ணம். "நிமித்தி வச்சா வேலை உண்டுன்னு அர்த்தங்க."

அவர் எழுந்து என் தகரக் குவளையை எடுத்து முக்காலியில் கவிழ்த்து வைத்தார். ரெங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்புச் சீட்டை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து எனக்கு மருந்து கொடுத்தார்கள். முன்தினம் பேதி உப்பு, காலையில் மருந்து, பிறகு மறுபடியும் உப்பு. தலை சுற்றி, வயிறு புரட்டி, அன்று மத்தியானம் வரை செத்துப் பிழைத்தேன். ரெங்கம்மா குவளையை நிமிர்த்திக் கஞ்சி ஊற்றியபோதுதான் முடிந்தது என்று நம்பினேன். அதற்குப் பிறகு தினமும் இரும்பு மருந்து, நாக்கு கறுத்துப்போகும். மண் தின்றதையும் டிரெசரிடம் சொல்லிவிட்டேன். "அது வருத்தத்தின்ர குணம், உன்ர குணமில்லை" என்றார். நோயைத்தான் அவர் வருத்தம் என்பார்.

அவர் இப்போது விளங்கினதோ என்று கேட்பதை விட்டிருந்தார். "நான் என்ன சொன்னனான்? நீ எனக்குச் சொல்லு பாப்பம்" என்பார். புதிதாக வந்தவர்கள் மிரண்டார்கள். ஒருத்தி அவர் போன பிறகு, "இவரு என்ன, நேத்து சொன்னத இன்னிக்கு மறந்துடுறாரு" என்று பாவப்பட்டாள்.

ஒன்றை மட்டும் பத்து நாள் வரை நான் சொல்லவில்லை. காத்தாயியிடம் சொன்னவள் நான்தான் என்பதை. ஒரு நாள் இரும்பு மருந்தோடு வந்தவரிடம் சொன்னேன். அவர் அவள் தோட்டத்துக் கிராணிக்குக் கடிதம் எழுதினார். வர மறுக்கிறாள் என்று பதில் வந்தது. அவரே போனார். அவள் ரப்பர்க் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டாளாம்.

"என்ர சொல்லை அவள் நம்பமாட்டாள். கோடாலிக்காரன் சொல்லுறதை மரம் நம்புமோ" என்றார் டிரெசர். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

முப்பத்தாறாம் நாள் என்னைப் போகலாம் என்றார்கள். கணுக்காலை அழுத்தினால் குழி விழவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். தெங்கேரா பஸ் வந்தது. அதில் ஏறினால் தோட்டத்துக்குத் திரும்பும் லாரியைப் பிடிக்கலாம், இருட்டுவதற்குள் வள்ளியைப் பார்க்கலாம். விட்டால் அடுத்த லாரி மறுநாள்தான். தனியாக ஒரு வழி போய்ப் பழக்கமில்லாதவள் நான். பஸ்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். நான் தலையை ஆட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் காத்தாயியின் தோட்டத்துக்குப் போகிற மண்ரோட்டில் நடந்தேன். டிரெசர் கொடுத்த பழைய ரப்பர்ச் செருப்பு காலில் இருந்தது. வழி நெடுக நாய் வருமோ, வழி தப்புமோ, அவள் செத்திருப்பாளோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கூலி வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக் கடைசி வீட்டில் படுத்திருந்தாள். முகம் ஊதி, கண் இடுங்கிப்போயிருந்தது. என்னை அடையாளம் தெரிய நேரமாயிற்று.

"நீ இன்னும் சாகலயா?"

"அக்கா, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. எனக்கு இங்கிலீசு தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"இப்ப மட்டும் தெரியுமாக்கும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சீட்டைப் பற்றிச் சொன்னேன், மருந்தைப் பற்றிச் சொன்னேன், கவிழ்த்து வைத்த குவளையைப் பற்றிச் சொன்னேன். திரும்பவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் தலைமாட்டில் போய்க் குந்தி, அவள் கையைப் பிடித்து என் முகத்தருகே இழுத்தேன். என் கண்ணின் கீழ் இமையை நானே விரலால் கீழே இழுத்துக் காட்டினேன்.

"பாருக்கா. என்னைக் கழிச்சிருந்தா இது எப்படி வந்துச்சு?"

காத்தாயி மெதுவாகத் திரும்பினாள். முழங்கையை ஊன்றி எழுந்து வெகுநேரம் பார்த்தாள். வாசல் வெளிச்சத்தை மறைக்காமல் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி மறுபடியும் பார்த்தாள். தண்ணீர் வழியத் தொடங்கியும் நான் இமையை விடவில்லை.

"செவப்பாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு சுவரோரம் கிடந்த தன் தகரக் குவளையை எட்டி எடுத்துத் துணியில் சுற்றத் தொடங்கினாள்.